காலேஜ் முட்டை

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்த நேரத்தில் என் வாயில் பஞ்சு இருந்தது.

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, தல்லாகுளத்தில் பல் மருத்துவரின் கிளினிக் வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி முதல்வர் போன் செய்தார். மதுரைக்கு வெளியே, மேற்கே போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிற கல்லூரி அது. நான் அங்கே இயற்பியல் கற்பிக்கிறேன்.

“மேடம், ஒரு நல்ல செய்தி. கல்லூரிகளையும் தொழில் நிறுவனங்களையும் இணைச்சு ஒரு ஆராய்ச்சி வலையமைப்பு ஆரம்பிக்கிறோம். தர மதிப்பீட்டுக் குழு வர்றதுக்குள்ள அது ஓடிக்கிட்டு இருக்கணும். காலையில கூட்டத்துல உங்களைத்தான் ஏகமனதா ஒருங்கிணைப்பாளராத் தேர்ந்தெடுத்தோம். சம்மதந்தானே?”

கூட்டத்துக்கு வராதவரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எங்கள் கல்லூரியில் ஒற்றுமையே தெரியும். “முடியாது சார்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஞ்சைத் தாண்டி வெளியே வந்தது “ம்ம்” மட்டும்.

“கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு அவர் அறைக்குப் போய், வலையமைப்பு என்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“தொழிலதிபர்களைப் போய்ப் பாருங்க. உங்க பிரச்சினை என்னன்னு கேளுங்க. அவங்க பிரச்சினையைக் குடுப்பாங்க, நாம தீர்வைக் குடுப்போம். இப்பிடிப் பின்னிப் பிணைஞ்சு இருக்கணும்” என்று இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். மோதிரம் சிக்கிக்கொண்டதில் விரல்களைப் பிரிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

துணைக்குக் கணினித் துறையிலிருந்து ஓர் ஆசிரியரைக் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனால் பொம்மைக் கடையைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடும் ரகம். கல்லூரிக்குள் என்னை மேடம் என்பான், கேட்டைத் தாண்டினால் அக்கா. அதனால் இங்கே அவனைத் தம்பி என்றே சொல்லிவிடுகிறேன். அவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, மதுரையின் தொழில் உலகைச் சந்திக்கப் புறப்பட்டேன்.

முதலில் ஒரு ரப்பர் பொருள் தயாரிப்பாளர். எங்களைப் பார்த்ததும் மேசை டிராயரைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

“பிராஜெக்ட் லெட்டர்தானே மேடம்? எத்தனை பிள்ளைகளுக்கு வேணுமோ எடுத்துக்கங்க. பேரை மட்டும் நீங்களே எழுதிக்கங்க.”

“இல்ல சார். உங்க தொழில்ல என்ன பிரச்சினைன்னு கேக்க வந்துருக்கோம். நாங்க சேர்ந்து தீர்த்து வைக்கிறோம்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் யோசித்தார். மின்விசிறி சுற்றியது. “இந்த லெட்டர் கேட்டு வர்ற பிள்ளைகதான் பிரச்சினை” என்றார்.

அடுத்து ஓர் அப்பளத் தொழிற்சாலை. “ஆண்டவன் புண்ணியத்துல எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். எல்லாம் அம்சமா ஓடுது” என்று முதலாளி சொல்லி வாயை மூடவில்லை, அவருக்குப் பின்னால் ஓர் இயந்திரம் கடகடவென்று இருமி நின்றது. இரண்டு பேர் ஓடிவந்து அதை உதைத்தார்கள். மறுபடி ஓடியது. “பாத்தீங்களா?” என்றார் முதலாளி பெருமையாக.

இப்படி இரண்டு வாரம் அலைந்தோம். கிடைத்தது நான்கு பாக்கெட் அப்பளமும் ஒரு ரப்பர் மிதியடியும். பிரச்சினை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என் வீட்டில் கேட்டிருந்தாலே ஏழெட்டு கிடைத்திருக்கும்.

முதல்வர் இதையெல்லாம் கேட்டுக் கவலைப்படவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. வலையமைப்புக்குப் பெயர் வைப்பது. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்து, முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்குவதில் அவருக்குத் தீராத ஆசை. கல்லூரியில் மரம் நடும் திட்டத்துக்கும், கேன்டீன் கண்காணிப்புக் குழுவுக்கும்கூட அப்படித்தான் பெயர். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து வெளியே வந்தார்.

“மதுரை யுனிவர்சிட்டி டிரேட் டெக்னாலஜி அலையன்ஸ் ஃபார் இன்னோவேஷன். நடுவுல வர்ற ‘ஃபார்’ கணக்கு இல்ல. முதல் எழுத்துகளை மட்டும் சேருங்க.”

எம், யு, டி, டி, ஏ, ஐ. நான் மனதுக்குள் சேர்த்துப் பார்த்தேன். தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

“சார், அதைச் சேர்த்துப் படிச்சா முட்டைன்னு வருது” என்றேன்.

முதல்வர் ஒரு கணம் அசையவில்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு, செய்த தவறை ஒப்புக்கொள்வதைவிட அதற்கு விளக்கம் கண்டுபிடிப்பது எளிது என்பதை அறிந்த நிர்வாகியாக நிமிர்ந்தார்.

“வேணும்னுதான் வச்சேன். முட்டைன்னா என்ன? உள்ள உயிர் இருக்கு. நாம அடை காக்கணும். ஒருநாள் பொரிக்கும்.”

தொடக்க விழாவுக்குப் பேனர் அடிக்கக் கொடுத்தோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் விவரமானவர். பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே ஓர் அட்டை நிறைய முட்டைப் படத்தைப் பேனரின் நடுவில் போட்டு, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோழியையும் நிறுத்தியிருந்தார். திருத்த நேரமில்லை. வியாபாரிகள் கண்ணில் படட்டும் என்று ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒன்றும், கல்லூரி வாசலில் ஒன்றும் கட்டினோம்.

விழாவுக்கு ரப்பர்க்காரரும் அப்பளக்காரரும் வந்திருந்தார்கள். முன் வரிசையில், கஞ்சி போட்ட வேட்டி சட்டையில், அகன்ற தோள்களோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒல்லியாக இன்னொருவர். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. முதல்வர் அரைமணி நேரம் அறிவுப் பரிமாற்றத்தைப் பற்றிப் பேசினார். “கேள்விகள் இருந்தால் கேட்கலாம்” என்றதும் அகன்ற தோள்காரர் எழுந்தார்.

“எனக்கு ஆரப்பாளையத்துல முட்டை மொத்த வியாபாரம். பேனரைப் பாத்துட்டு வந்தேன். இவன் என் கடையில லோடுமேன். சங்கம் ஆரம்பிச்சது ரொம்பச் சந்தோசம். எலெக்சன் முடிஞ்சிருச்சா, தலைவர் யாருண்டு சொல்லுங்க.”

இது முட்டை வியாபாரிகள் சங்கம் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“தலைவர் யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். நாமக்கல்லுல இருந்து எனக்கு லாரியில முட்டை வருது. நல்ல முட்டைதான் ஏத்துறோம். கடைகளுக்குப் போய்ச் சேரயில தினமும் இம்புட்டு முட்டை கீறல் விட்டுருக்கு. எங்க உடையுதுண்டு தெரியல. ரோட்டுலயா, வண்டியிலயா, ஏத்துறப்பவா, எறக்குறப்பவா? அதுக்கு இந்தச் சங்கம் என்னத்தச் செய்யும்?”

இரண்டு வாரமாக மதுரை முழுவதும் நான் தேடிய பிரச்சினை வேட்டி கட்டிக்கொண்டு என் எதிரே நின்றது. மேடையிலிருந்து முதல்வர் சொன்னார்: “எங்கள் ஒருங்கிணைப்பாளர் பதில் சொல்வார்.”

இந்த முறை வாயில் பஞ்சு இல்லை. “கண்டுபிடிச்சிரலாம் அண்ணே” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

செய்தி பரவியதும் கல்லூரியில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வேதியியல் துறை, முட்டை ஓட்டுக்கு நானோ பூச்சு கொடுக்கலாம் என்றது. வணிகவியல் துறை, உடைந்த முட்டைகளிடம் அல்ல, உடைந்த முட்டை வாங்கியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்கலாம் என்றது. தம்பிதான் உருப்படியாக ஒன்று சொன்னான்.

“அக்கா, முட்டைக்குத்தானே தெரியும் எங்க அடி விழுந்துச்சுன்னு? அதனால ஒரு முட்டையை நம்ம ஆளா அனுப்புவோம்.”

அதாவது, முட்டை மாதிரியே ஒன்றைச் செய்து, உள்ளே அதிர்வை அளக்கும் சின்னக் கருவி ஒன்றும், பேட்டரியும், எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து வைக்கும் மெமரி கார்டும் வைத்து, உண்மை முட்டைகளோடு சேர்த்து அனுப்புவது. திரும்பி வந்ததும் அதைத் திறந்து பார்த்தால் வழியில் பட்டதெல்லாம் தெரிந்துவிடும்.

எங்களிடம் ஒரு த்ரீ டி பிரிண்டர் இருந்தது. வாங்கியதிலிருந்து அதில் முதல்வரின் பெயர்ப்பலகையும் சாவிக்கொத்துகளும் மட்டுமே அச்சாகியிருந்தன. முதல் முட்டை எலுமிச்சம்பழம் மாதிரி வந்தது. இரண்டாவது கத்தரிக்காய். நிறமும் பச்சை, ஏனென்றால் பச்சைப் பிளாஸ்டிக் மட்டுமே கையிருப்பில் இருந்தது. ஆறாவது முறை அசல் முட்டை வடிவம் வந்துவிட்டது. உள்ளே களிமண் வைத்து எடையைச் சரிசெய்தேன். தம்பி அதற்குச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பிரைமர் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். உள்ளே பேட்டரி லேசாக ஆடும். காதருகே வைத்துக் குலுக்கினால் டிக் டிக் என்று கேட்கும். அந்த ஒரு குறையைத் தவிர, அது முட்டை.

லோடுமேன் லாரியில் நாமக்கல்லுக்குப் போய் முட்டை ஏற்றி வருபவர். அவரிடம் கொடுத்து, அங்கே ஏற்றும்போது ஓர் அட்டையில் இதையும் வைத்து, காலையில் ஆரப்பாளையம் குடோனுக்கு வந்து, கடைகளுக்கு அனுப்பும் நேரத்தில் வெளியே எடுத்துவிடச் சொன்னோம். சரியென்று மேல்துண்டில் முடிந்துகொண்டு போனார்.

மறுநாள் நான் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், உங்க முட்டை எந்த முட்டைண்டு தெரியல.”

“அட்டையில வச்சீங்கல்ல?”

“அட்டையிலதான் வச்சேன். இங்க பூராவும் அட்டைதான். எல்லாம் ஒண்ணு போல இருக்கு. வண்டி வேற கெளம்பிப் போயிருச்சு.”

தம்பியைத் தேடி ஓடினேன். “அடையாளம் எதுவும் வைக்கலையாடா?”

“வச்சேன்க்கா. சிவப்புப் புள்ளி.”

“எங்கே?”

அவன் குரல் இறங்கியது. “அடியில.”

முட்டையை அட்டையில் வைத்தால் அடிப்பக்கம் தெரியாது என்பதை ஒரு கணினி ஆசிரியரும் ஓர் இயற்பியல் முனைவரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. லோடுமேனுக்கு நினைவிருந்த அடுக்கிலிருந்து அன்று குட்டி யானையில், அதாவது அந்தச் சின்னச் சரக்கு வண்டியில், நான்கு கடைகளுக்கு முட்டை போயிருந்தது. மதியத்துக்கு மேல் வகுப்பு முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

முதல் கடை ஒரு மெஸ். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்க உள்ளே நுழைந்து, “உங்க முட்டையைப் பாக்கணும்” என்றேன். உரிமையாளர் முகம் வெளிறியது. மறு வார்த்தை பேசாமல் அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன். தம்பி ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஆம்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எங்களை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார்கள் என்பது, எங்கள் முன்னால் இரண்டு இலையும் ஆறு பரோட்டாவும் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் பதறி மறுத்தேன். தம்பி மறுக்கவில்லை.

இரண்டாவது கடையிலும் இதேதான். மூன்றாவது கடையில் எங்கள் வருகை முன்பே தெரிந்திருந்தது. அடுப்படியைக் கழுவி விட்டு, எல்லோரும் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

பழங்காநத்தத்தில் நான்காவது கடைக்குப் போகும்போது மாலைக் கூட்டம் தொடங்கிவிட்டது. பரோட்டாக் கடை. பெரிய கல்லின் முன்னால் மாஸ்டர் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையில் முட்டை. கல்லின் ஓரத்தில் தட்டினார். டொக் என்றது. முட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகத் தட்டினார். டொக்.

“என்னடா மாப்ள இது, கல்லு மாதிரி இருக்கு” என்று பக்கத்தில் மாவு பிசைபவரிடம் சொல்லிக்கொண்டே, கொத்துப் பரோட்டாவுக்கு வைத்திருந்த தகட்டை எடுத்து ஓங்கினார்.

“அண்ணே! உடைச்சிராதீங்க!” தம்பி ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினான். ஸ்கூட்டரோடு நானும் சாய்ந்தேன். “அது காலேஜ் முட்டை!”

கடை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் ஓங்கிய கையோடு நின்றார். “காலேஜ்ல கோழி வளக்குறீங்களா தம்பி?”

“இல்லண்ணே, இது ஆராய்ச்சி முட்டை. உள்ள மெமரி கார்டு இருக்கு.”

மாஸ்டர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். டிக் டிக். முகம் மாறிவிட்டது. கடை மேசைமீது மிக மெதுவாக வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். அவரைப் பார்த்து, முன் மேசையில் இருந்தவர்களும் இலையோடு எழுந்து பின் மேசைக்குப் போனார்கள். இது வெடிக்காது என்று எல்லோருக்கும் விளக்கி முடிக்க நேரமாகிவிட்டது. கடைசியில் மாஸ்டரே சிரித்துவிட்டார். “நல்ல வேளை, அரைவேக்காட்டுக் கலக்கிக்கு எடுக்கல” என்றார்.

அன்று இரவே மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். வரைபடத்தில் நாமக்கல் சாலை முழுக்கச் சின்னச் சின்ன அலைகள். குட்டி யானை வேகத்தடைகளில் ஏறி இறங்கிய இடங்களில் கொஞ்சம் பெரிய மேடுகள். எல்லாவற்றையும்விட உயரமாக இரண்டு ஊசிகள், மாலையில், ஒன்றை அடுத்து ஒன்று. அது பரோட்டா மாஸ்டர். ஆனால் காலை ஆறரை மணி வாக்கில், முட்டை லாரியிலிருந்து இறங்கிக் குடோனில் சும்மா இருந்த நேரத்தில், ஒரு பெரிய இடி விழுந்திருந்தது. அதற்கு முன்னும் பின்னும் சீரான இடைவெளியில், தொலைவிலிருந்து கேட்கும் மேளம் போல, சின்னச் சின்ன அதிர்வுகள்.

கருவியில் கோளாறு என்று நினைத்தோம். இன்னும் இரண்டு முட்டை செய்து, இந்த முறை தலையிலும் சிவப்புப் பொட்டு வைத்து, மூன்று நாள் அனுப்பினோம். மூன்று நாளும் அதே நேரம், அதே இடி.

நாலாம் நாள் விடியற்காலையில் நான் நேரிலேயே போனேன். ஆரப்பாளையம் குடோனில் முட்டை அட்டைகளை இடுப்பளவு அடுக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். முட்டைக்கடைக்காரர் குளித்து, திருநீறு பூசி வந்தார். முதல் அடுக்கின் முன்னால் நின்றார். தன் அகன்ற உள்ளங்கையை அதன் தலையில் வைத்து, நாளெல்லாம் உழைத்த உழவு மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“ஒண்ணு.” தட். அடுத்த அடுக்கு. “ரெண்டு.” தட்.

நான் ஒரு தூணின் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முகத்தில் அத்தனை அன்பு இருந்தது. முப்பத்தேழு அடுக்கையும் அப்படியே அன்பாகத் தட்டி எண்ணி முடித்து, “எடுங்கப்பா” என்றார். லோடுமேன் தூணுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, வானத்தைப் பார்த்தார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் யோசித்தேன். முதல்வர் என்னை யோசிக்க விடவில்லை. வலையமைப்பின் முதல் ஆராய்ச்சி முடிவு என்று சொல்லி, எல்லாத் தொழிலதிபர்களையும் கருத்தரங்கக் கூடத்துக்கு அழைத்துவிட்டார். தம்பி பார்வையாளர்களுக்குக் காட்ட, முட்டையை மேசைமீது வைத்து, அது உணரும் அதிர்வு உடனுக்குடன் திரையில் தெரியும்படி இணைத்திருந்தான். யாராவது நடந்தால்கூடத் திரையில் கோடு சற்று நடுங்கியது. அப்பளக்காரர் அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு முறை எழுந்து நடந்தார்.

நான் சாலை, வண்டி, வேகத்தடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை எதிலும் முட்டை அதிகம் உடையவில்லை என்று விளக்கினேன். கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: “முதன்மைக் காரணம் – மனிதத் தலையீடு.”

முட்டைக்கடைக்காரர் எழுந்துவிட்டார். “அதான பாத்தேன்! எவன் அந்த மனுசன்? பேரைச் சொல்லுங்க டீச்சர், இன்னைக்கே அனுப்பிப்புடுறேன்.”

“அண்ணே, அது வந்து, வேணும்னு செய்யுறது இல்ல…”

“வேணும்னு செஞ்சா என்ன, வேணாம்னு செஞ்சா என்ன? கஷ்டப்பட்டு நாமக்கல்லுல இருந்து கொண்டாந்தா, இங்க ஒருத்தன் ஒடச்சுக்கிட்டு இருக்கான்! யாருண்டு தெரிஞ்சாகணும்!” என்று சொல்லி, வழக்கமான கையால், முன்னால் இருந்த மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

முட்டை துள்ளியது. திரையில் ஓர் ஊசி விர்ரென்று எழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே நான் குடோனில் எடுத்த வரைபடம் இருந்தது. இரண்டும் அச்சு அசல் ஒன்று.

முட்டைக்கடைக்காரர் திரையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். மறுபடி, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது போல, மேசையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். திரையில் சின்ன ஊசி. ஓங்கித் தட்டினார். பெரிய ஊசி.

“ஏண்டா,” பின் வரிசைக்குத் திரும்பினார், “ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மொதலாளி” என்றார் லோடுமேன். “எனக்கு மட்டுமா, டிரைவருக்கும் தெரியும்.”

“பெறகு ஏண்டா சொல்லல?”

“முன்னாடி ஒருக்கா சொன்னேன். ‘போடா’ண்டு என் முதுகுல ஒரு தட்டுத் தட்டுனீங்க. அதுக்குப் பெறகு சொல்லல.”

அப்பளக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. முட்டைக்கடைக்காரர் காதுவரை சிவந்து நின்றுவிட்டு, கடைசியில் அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிக்கும்போது பக்கத்தில் இருந்த முதல்வரின் தோளில் தட்டினார். முதல்வர் நாற்காலியோடு ஒரு சாண் நகர்ந்தார். ஆராய்ச்சி முடிவு எவ்வளவு சரி என்பதை அவர்தான் உடலால் உணர்ந்தவர்.

காரணம் தெரிந்துவிட்டதே தவிர, பழக்கம் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். பதினாலுக்கு மேல் எண் தவறியது. தட்டினால்தான் அவருக்கு எண் ஓடும். தம்பி ஒரு பட்டன் செய்து கொடுத்து, அடுக்குக்கு ஒரு முறை அதை அழுத்தச் சொன்னான். முதல் நாளே பட்டன் உள்ளே போய்விட்டது. பிறகு லோடுமேன்தான் சொன்னார், மொதலாளி தட்டட்டும், வேற எதையாவது தட்டட்டும் என்று. ரப்பர்க்காரரிடம் சொல்லித் தடிமனான ரப்பர்த் திண்டு ஒன்று செய்து, குடோன் தூணில் கட்டினோம். அடுக்கைப் பார்த்து எண்ணுவார், தூணைத் தட்டுவார். ரப்பர்க்காரர் தானே வந்து அதைச் சரிபார்த்தார். ஒரு கல்லூரிக்காக அவர் லெட்டர் அல்லாத ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னார். எங்கள் அறிக்கையில் அதை “மாற்று அதிர்வு ஏற்பி” என்று எழுதினோம். தர மதிப்பீட்டுக் குழு அந்தப் பக்கத்தை மிகவும் பாராட்டியது. தூணைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்காதது எங்கள் பாக்கியம்.

கீறல் முட்டை குறைந்துபோனது. ஒரு மாதம் கழித்து, என் துறை வாசலில் ஒருவர் கோபமாக நின்றிருந்தார். சட்டையில் மாவு.

“முட்டை ஆராய்ச்சி டீச்சர் நீங்கதானா?”

“ஆமா. நீங்க?”

“பேக்கரி வச்சுருக்கேன். ஆரப்பாளையத்து முட்டைக்கடையில, திரும்பி வர்ற கீறல் முட்டையத்தான் தெனமும் எடுப்பேன், கேக்குக்கு. இப்ப போனா முட்டையே கீறல் விட மாட்டேங்குதுங்குறாங்க. தூணைத் தட்டிக்கிட்டு இருக்காரு. என்னத்தப் பண்ணி வச்சீங்க?”

நான் அவரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். புதுமை என்றால் எல்லோருக்கும் நல்லது என்று முதல்வர் பேசியது ஞாபகம் வந்தது. இந்த மனிதரிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பதிலாக, “வேற ஏதாவது பிரச்சினை இருக்காண்ணே?” என்று கேட்டேன்.

“ஏன் இல்ல?” அவர் டம்ளரை வைத்தார். “அடுப்புல ஒரு பக்கம் பன்னு கருகுது, ஒரு பக்கம் வெள்ளையா நிக்கிது. ஆறு மாசமா. கொத்தனாரைக் கூப்புட்டேன், எலெக்ட்ரீசியனைக் கூப்புட்டேன், சாமியாரைக்கூடக் கூப்புட்டேன்.”

என்னைப் பார்க்க வந்திருந்த தம்பி அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டான். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேசைமீது அப்படியே கிடந்தன. அன்று மாலை, பேக்கரியின் பின்கட்டில், மூன்று பேரும் அடுப்பின் சின்னக் கண்ணாடி முன்னால் குனிந்து நின்று, எந்தப் பன் முதலில் நிறம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இடது மூலையில் இருந்த பன்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த தம்பியின் மூக்கும் சிவந்திருந்தது.